கல்லுக்கு மெருகு



கொல்லிமலையின் அடிவாரத்தில், நாமக்கல் மாவட்டத்தில், பேளுக்குறிச்சி என்னும் ஊர் இருக்கிறது. மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம் முதலிய மளிகைச் சரக்குகளுக்குப் பெயர் பெற்றது அவ்வூர்ச் சந்தை. அங்கே சரக்கு வாங்க வருவோர் மிளகைக் கையில் அள்ளிப் பார்ப்பர், ஊதிப் பார்ப்பர், பதர் எது, மணி எது என்று பிரித்தறிந்த பின்னரே விலை பேசுவர். அத்துணைக் கூர்மையான கண்ணுடையவர்களும் காலடியில் கிடக்கும் கல்லைக் குனிந்து பார்ப்பதில்லை. கல்லுக்கு விலையில்லை என்பதே காரணம். அந்த விலையில்லாத கல்லைப் பொறுக்கி, உருட்டி, மெருகேற்றும் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. உலகின் பல நாடுகளிலும் சிறுவரும் முதியோரும் அதில் ஈடுபட்டிருக்கின்றனர். நம் மாணவர்களுக்கு அது எவ்வாறு பயன்படும் என்பதையே இன்று கூற விரும்புகிறேன்.

முதலில், பேளுக்குறிச்சியைப் போன்ற மலையடிவார ஊரில் என்னென்ன கற்கள் கிடைக்கும் என்று பார்ப்போம். கிணறு வெட்டிக் கொட்டிய மேட்டில் கருநீல நிறமான கல் ஒன்று கிடக்கும். அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தா நகரத்தோடு தொடர்புடைய ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேய வணிகரின் கல்லறை அவ்வகைக் கல்லால் ஆனது. அந்தக் கல் சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதிக் கல் என்பதைக் கண்ட தாமஸ் ஹாலண்டு என்ற புவியியலார், 1893ஆம் ஆண்டில் சார்னாக்கின் பெயரையே அதற்கு இட்டார். கொல்லிமலையின் பெரும்பகுதி இந்தக் கல்லால் ஆனதே. அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அது உருவான காலத்தில் உலகில் மரமும் இல்லை, மீனும் இல்லை. இதனையன்றி, வரிவரியாகக் கறுப்பும் வெளுப்பும் கலந்த நைஸ் என்னும் பாறையின் துண்டுகள் கிடைக்கும். கொங்கு நாட்டார் வெங்கச்சங்கல் என்று வழங்கும் வெண்மையான குவார்ட்சும் கிடைக்கும். காந்தத்தை அருகிற் கொண்டுசென்றால் பற்றிக்கொள்ளும் இரும்புத் தாது கலந்த கல்லும் சிலபோது அகப்படும்.

இவற்றுள் எந்தக் கல் மெருகேறினால் அழகு பெறும் என்பதை முன்கூட்டியே அறிய எளிய வழி உண்டு. கல்லை நீரில் நனைத்துப் பாருங்கள். வெளிறிக் கிடந்த கல்லின் நிறம் உடனே ஆழ்ந்து தோன்றும். மறைந்திருந்த வரிகள் புலப்படும். காய்ந்ததும் அந்த அழகு மறைந்துவிடும். இது ஏன்? காய்ந்த கல்லின் பரப்பு நுண்ணிய மேடு பள்ளங்கள் நிறைந்தது. அதன்மேல் விழும் ஒளி நாற்புறமும் சிதறி, வெண்மையான திரைபோல் நின்று, கல்லின் உண்மை நிறத்தை மறைக்கிறது. நீர் அப்பள்ளங்களை நிரப்பிப் பரப்பைச் சமமாக்குவதால் திரை விலகுகிறது. நீர் சிறிது நேரத்திற்குச் செய்யும் அதே வேலையை நிலையாகச் செய்வதே மெருகு. மெருகு என்பது கல்லின்மேல் பூசப்படும் பூச்சு அன்று. மேடுகளைத் தேய்த்து நீக்குவது. நாம் எதையும் சேர்ப்பதில்லை, குறைக்கிறோம்.

அடுத்து நோக்க வேண்டியது கடினத் தன்மை. பிரடெரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812இல் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் கால்சைட் 3, குவார்ட்சு 7, வைரம் 10. எஃகுக் கத்தி ஏறத்தாழ ஐந்தரை. கத்தியால் கீறும்போது கோடு விழாத கல்லே நமக்கு ஏற்றது. விரிசல் உடையதும், அபிரகத் தகடுகள் மிகுந்ததும், விரலால் தேய்த்தாலே உதிர்வதும் வேண்டா. கடினத்தில் ஒத்த கற்களையே ஒன்றாகச் சேர்க்க வேண்டும். வன்கல்லோடு மென்கல்லைக் கலந்தால் மென்கல் தேய்ந்து மறையும்.

கல்லை உருட்டி வழவழப்பாக்கும் முறையை மனிதர் ஆற்றினிடமிருந்து கற்றனர் என்றே சொல்லலாம். மலையிலிருந்து இறங்கும் ஓடையில், தொடக்கத்தில் கற்கள் கூர்முனைகளோடு இருக்கும். கீழே செல்லச் செல்ல முனை மழுங்கிக் கூழாங்கற்கள் ஆகும். கல்லோடு கல் மோதுவதும், இடையே மணல் அராவுவதும், இரண்டையும் நீர் உருட்டுவதுமே அதற்குக் காரணம். குஜராத்திலுள்ள காம்பே நகரத்துக் கைவினைஞர்கள் இதனையே தொழிலாக்கினர். அகேட் என்னும் கல்லில் செய்த மணிகளை, அராவும் பொடியோடும் நீரோடும் தோற்பையில் இட்டுக் கட்டுவர். எதிரெதிரே அமர்ந்த இருவர் அப்பையை 10 முதல் 15 நாள் வரை மாறி மாறி உருட்டுவர். பை உலர்ந்துவிடாமல் நீர் விட்டுக்கொண்டே இருப்பர். இன்று நாம் பயன்படுத்தும் உருளை இயந்திரம் அந்தத் தோற்பையின் வழித்தோன்றலே. தமிழகத்திலும், நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பச்சைக்கல்லையும் பளிங்கையும் மணியாக்கி மெருகிட்ட தொழிற்கூடத்தின் தடயங்கள் வெளிப்பட்டன.

வன்கல்லைத் தேய்க்க அதனினும் வலிய பொருள் வேண்டுமன்றோ? அப்பொருளுக்கு உலகம் வழங்கும் பெயரில் நம் மொழியின் பங்கு உண்டு. வைரத்திற்கு அடுத்த கடினமுடைய 'கொரண்டம்' என்னும் கனிமத்தின் பெயர், 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. மாணிக்கமும் நீலமும் அதன் வகைகளே. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அது கிடைக்கிறது. அதே சித்தம்பூண்டி வட்டாரத்து வெண்ணிறப் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதைக் கண்ட அறிவியலார், அதைப் பொடித்து, சந்திரயான் ஊர்தியைச் சோதிப்பதற்கான செயற்கை நிலாமண் செய்தனர். ஒருவரும் திரும்பிப் பாராத பாறைக்கு அறிவு தந்த மதிப்பு அது. இன்று தேய்ப்பதற்குப் பெரிதும் பயன்படுவது சிலிக்கன் கார்பைடு. அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் 1891இல் மின் உலையில் அதனை ஆக்கினார்.

இனி, வேலை முறை. இரண்டு உருளைகளின்மேல் ஒரு பீப்பாய். அதனை மெல்லச் சுழற்றச் சிறு மின்பொறி. இவ்வளவே இயந்திரம். பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்கு வரை பெரியதும் சிறியதுமான கற்களை இட வேண்டும். மேலடுக்குக் கல் தெரியும் அளவிற்கு நீர் விட வேண்டும். ஒரு கிலோ கல்லுக்குச் சுமார் 4 மேசைக்கரண்டி பொடி போதும். பீப்பாய் மிக விரைந்து சுழன்றால் கற்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு உருளாமல் நிற்கும்; பாதிக்கும் குறைவாக நிரப்பினால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உடையும்.

பொடியின் எண் அதைச் சலித்த சல்லடையின் கண்களைக் குறிக்கும். எண் ஏற ஏறப் பொடி நுண்மையாகும். முதற்கட்டத்தில் 60 முதல் 90 வரை எண்ணுள்ள பருத்த பொடி. இது கல்லின் வடிவை அமைக்கும். அடுத்து 120 முதல் 220 வரை. அதன்பின் 500 அல்லது 600. இறுதியில் அலுமினியம் ஆக்சைடு அல்லது சீரியம் ஆக்சைடு என்னும் மெருகுப்பொடி. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஏறத்தாழ ஒரு வாரம், இரவும் பகலும் பீப்பாய் சுழல வேண்டும். ஆக, ஒரு மாதம். கட்டம் மாறும்போதெல்லாம் கற்களையும் பீப்பாயையும் பலமுறை கழுவ வேண்டும். பருத்த பொடியில் ஒரு துகள் தங்கினாலும் இறுதிக் கட்டத்தில் அது கற்களிலெல்லாம் கோடிழுத்து, மூன்று வார உழைப்பைப் பாழாக்கும். கழுவிய சேற்றைக் கழிநீர்க் குழாயில் ஊற்றலாகாது; அது இறுகிக் குழாயை அடைத்துவிடும்.

இயந்திரம் இல்லாதவர் வருந்த வேண்டியதில்லை. நீரில் நனைந்தாலும் கிழியாத உப்புத்தாள் கடைகளில் கிடைக்கிறது. 80, 220, 400, 600, 1000 என வரிசையாக வாங்கி, நீர் தொட்டுத் தொட்டுக் கல்லைக் கையால் தேய்க்கலாம். முடிவில் ஈரத்தோலில் மெருகுப்பொடியிட்டுத் தேய்த்தால் ஒளி பிறக்கும்.

நீர் தொட்டு என்று கூறினேன். இப்பேச்சில் நீங்கள் மறக்கக்கூடாத சொல் இதுவே. முன்னே கூறிய காம்பே நகரத்தில், தோற்பைக்குள் நீரில் உருண்ட மணிகள் எவருக்கும் கேடு செய்யவில்லை. ஆனால் மணிகளை வடிவாக்கச் சாணையில் உலரத் தேய்த்தபோது எழுந்த நுண்தூள், தொழிலாளரின் நுரையீரலில் தங்கிற்று. குவார்ட்சு இனத்தைச் சேர்ந்த கல்லின் தூள் நுரையீரலைத் தழும்பாக்கி இறுகச் செய்யும். அந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். பட்ட தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. காசநோயும் எளிதில் பற்றும். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தார் அகேட் தொழிலாளரிடையே இந்நோயை ஆராய்ந்துள்ளனர். கழுத்தில் ஒளிரும் மணிமாலைக்காகச் சிலர் தம் மூச்சை விலையாகக் கொடுத்தனர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் வறுமையால் அத்தூளில் அமர்ந்தார்கள். பொழுதுபோக்காகச் செய்யும் நமக்கு அக்கட்டாயம் இல்லை. ஆகவே, விரைவில் முடிய வேண்டும் என்று மின்சாணையில் கல்லை உலரத் தேய்க்காதீர்கள். உலர்ந்த பொடியை ஊதாதீர்கள். வேலை செய்த இடத்தைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கல் பொறுக்குவதற்கும் நெறி உண்டு. உங்கள் வயலிலும், கிணற்று மேட்டிலும், உரியவர் இசைந்த இடத்திலும் எடுக்கலாம். காப்புக்காடுகளிலும், கோயில்களிலும், பழம்பொருள் புதைந்த மேடுகளிலும் ஒரு கல்லையும் எடுத்தலாகாது. பழைய மேட்டில் கிடக்கும் ஒரு மணி, கிடந்த இடத்தில் கிடந்தால் வரலாறு. நம் பையில் விழுந்தால் வெறும் மணி.

இப்பொழுதுபோக்கினால் பொருள் திரளாது. ஆயினும் கற்க வேண்டியவை பல இதனால் கைகூடும். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். கல் எடுத்த இடத்தையும் நாளையும் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திற்கு முன்னும் பின்னும் எடையிட்டு, எவ்வளவு தேய்ந்தது என்று கணக்கிடுங்கள். வெங்கச்சங்கல் ஒரு வாரத்தில் இழந்த எடை என்ன, சார்னோக்கைட் இழந்தது என்ன, ஏன் வேறுபட்டது என்று ஆராயுங்கள். அப்போது புத்தகத்தில் படித்த கடினமும், உராய்வும், ஒளிச் சிதறலும் உங்கள் உள்ளங்கையிலேயே விளங்கும்.

வரும் விடுமுறை நாளில் உங்கள் ஊரிலிருந்து ஐந்து கற்களை எடுத்து ஒரு கிண்ணம் நீரில் இட்டுப் பாருங்கள். அவற்றுள் எது உங்கள் கண்ணைக் கவர்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். 250 கோடி ஆண்டு காத்திருந்த கல் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும். நீங்களும் அதனோடு காத்திருக்கப் பழகுங்கள்.