கிழவன் காத்ததும் பெண் கொடுத்ததும்
(மன்றத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகக் கூடிவந்த சிற்றறையை விட்டு நம் மன்றம் பெரிய அரங்குக்குப் பெயரவிருக்கும் வேளையில், ‘இடம்பெயர்தல்’ என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். புலம்பெயர்ந்தோர் இலக்கியம் பற்றிப் பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நானோ ஸ்காட்லாந்து நாட்டுச் சிறு பீர் ஆலையொன்று ஊர் விட்டு ஊர் பெயர்ந்த வரலாற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அப்பானத்தை நாவால் அறியாதவள் நான். அதனை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது ஒரு பாட்டு.

ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1890ஆம் ஆண்டு வெளியிட்ட கதைப்பாடல் தொகுதியில் ‘ஹெதர் ஏல்’ என்றொரு பாடல் உண்டு. ஹெதர் என்பது ஸ்காட்லாந்தின் மேட்டுப் புல்வெளிகளில் கோடை முடிவில் செவ்வூதா நிறத்தில் பூத்துப் பரவும் குறுஞ்செடி. அதன் பூவிலிருந்து பிக்ட் என்னும் குள்ள இனத்தார் தேனினும் இனிய பானம் ஒன்றைக் காய்ச்சினர் என்பது கதை. ஸ்காட்டிய அரசன் அவ்வினத்தை அழித்தொழிக்கிறான். பானத்தின் செய்முறையும் அவர்களோடு அழிந்துவிட்டதை உணர்ந்து வருந்துகிறான். கடைசியாக ஒரு கிழத் தந்தையும் அவர் மகனும் பிடிபடுகின்றனர். செய்முறையைச் சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்கிறான் அரசன். மகன் எதிரே சொல்ல நாணமாயிருக்கிறது, முதலில் அவனைக் கடலில் எறியுங்கள் என்கிறார் கிழவர். எறிகிறார்கள். பிறகு அவர் உண்மையை உரைக்கிறார்: இளையவனின் உறுதியைத்தான் ஐயுற்றேன், இனி என்னைச் சுட்டெரித்தாலும் அந்த இரகசியம் என் நெஞ்சோடுதான் மடியும் என்று.

பிக்ட் இனம் உண்மையில் அவ்வாறு அழிந்துவிடவில்லை என்பதை ஸ்டீவன்சனே தம் குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் பாட்டு வரலாற்றை வென்றுவிட்டது. ருசியக் கவிஞர் மார்ஷாக் 1941இல் இதனை மொழிபெயர்த்தபோது ‘ஹெதர்த் தேன்’ என்றே தலைப்பிட்டார். அவர் ஆண்ட ‘மியோத்’ என்னும் சொல்லும், நாம் வடமொழியினின்று பெற்ற ‘மது’ என்னும் சொல்லும் ஒரே வேரின. தேனையும் கள்ளையும் ஒரு சொல்லால் குறிப்பது நம் சங்கப் புலவர்க்கும் புதிதன்று. நறவும் தேறலும் இவ்விரண்டு பொருளுக்கும் இடையே ஊசலாடுவதை நீங்கள் அறிவீர்கள்.

ஒப்பிலக்கிய வகுப்பில் இப்பாடலைப் பல்லாண்டுகள் மறமாண்பின் உச்சம் என்றே நடத்திவந்தேன். ஒருநாள் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “அம்மா, இரகசியம் அரசனுக்குக் கிடைக்கவில்லை, சரி. வேறு யாருக்குக் கிடைத்தது?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். அன்றைய சிரிப்பை நினைத்து இன்று வெட்கப்படுகிறேன்.

அந்த வினாவுக்கு விடை கிளாஸ்கோ நகரத்துச் சிறு கடையொன்றில் இருந்தது. வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்வோர்க்கு வேண்டிய பொருள்களை விற்கும் கடை அது. நடத்தியவர் புரூஸ் வில்லியம்ஸ். 1980களின் பிற்பகுதியில் கேலிக் மொழி பேசும் பெண்மணி ஒருவர், தம் குடும்பத்தில் வழிவழி வந்த ‘லியான் ஃப்ரூக்’ என்னும் ஹெதர் பானத்தின் செய்முறையோடு அங்கு வந்தார் என்பது அந்நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிவரும் வரலாறு. பிரபுக்களின் மாளிகையிலோ மடாலயச் சுவடியிலோ கிடைக்காதது, கடைக்கு வந்த ஒரு பெண்ணின் கையில் இருந்தது. எதிரியிடமிருந்து காப்பதற்காகக் கிழவர் மகனையே பலியிட்ட பொருளை, இப்பெண் அறிமுகமற்ற கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சி ஒன்று. பீர் ஆலையை ‘வடிசாலை’ என எழுதுவோர் நம்மிடையே உளர். அது பொருந்தாது. சாராயமே ஆவியாக்கி வடிக்கப்படுவது. பீர் நொதிக்க வைக்கப்படுவது. முளைகட்டிய பார்லியை அரைத்து வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்புச் சாறு இறங்கும். அதைக் கொதிக்கவைத்து ஆற்றி ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுவார்கள். நம் பெரும்பாணாற்றுப்படையும் கூழை ஆற்றி, முளையை இடித்துக் கூட்டி, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துச் சாடியில் விளையவிடும் முறையைச் சொல்கிறது. நெல்லும் பார்லியும் வேறு. முளை கட்டுவதன் நுட்பம் ஒன்றே. இன்று பெரும்பாலான பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. வில்லியம்ஸ் கொதிக்கும் சாற்றில் ஹெதரையும், சதுப்பு நிலத்தில் வளரும் ஸ்வீட் கேல் என்னும் நறுமணச் செடியையும் இட்டார். பின்னர்ச் சூடான சாற்றைப் புதிய ஹெதர்ப் பூக்களின்மீது ஊறவிட்டார்.

1992இல் மேற்கு மலைநாட்டில் டைனுவில்ட் இரயில் நிலையத்துக் கட்டடத்தில் இயங்கிய மிகச் சிறு ஆலையில் இது விற்பனைக்குக் காய்ச்சப்பட்டது. தேவை பெருகவே, புட்டிக்கான பானத்தை அலோவா நகரின் பழைய மெக்ளே ஆலையில் காய்ச்சுவித்தனர். 1990களின் இறுதியில் ஸ்ட்ராத்தேவனை அடுத்த பழைய மாவாலை ஒன்று அவர்களின் சொந்த இடமாயிற்று. அதுவும் போதாமற்போகவே, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அலோவாவுக்கே குடிபெயர்ந்தனர்.

பெரிய இடம் என்றால் மகிழ்ச்சி என்று நாம் எண்ணுகிறோம். ஆலைக்காரருக்கு அது அச்சம் தருவது. பத்து மடங்கு பாத்திரத்துக்குப் பத்து மடங்கு பொருள் என்னும் கணக்கு அங்கே செல்லாது. ஈஸ்ட் நொதிக்கும்போது வெப்பத்தை உண்டாக்கும். சிறு தொட்டியில் அவ்வெப்பம் தானே வெளியேறிவிடும். பெருந்தொட்டியில் தங்கிப் பெருகும். குளிர்நீர் சுற்றி அடக்காவிட்டால் சுவையே திரிந்துவிடும். ஊர் மாறினால் நீரிலுள்ள உப்புகளும் மாறும். எனவே, புதிய இடத்தில் காய்ச்சியதைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பலமுறை சுவைத்துத் திருத்துவதே குடிபுகுந்தவர்களின் முதல் வேலை. போதாக்குறைக்கு வரியும் உண்டு. 2002இல் பிரிட்டன் கொண்டுவந்த சலுகைப்படி ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டர் வரை காய்ச்சியோர்க்குப் பாதி வரியே இருந்தது. அதற்கு மேல் வளர வளரச் சலுகை தேய்ந்தது. வளர்ச்சிக்கும் ஒரு விலை வைத்திருந்தார்கள்.

ஆனால் எத்தொட்டியாலும் பெரிதாக்க முடியாத ஒன்று அந்தப் பூ. ஆலை இரயில் நிலையத்தில் இருந்தாலும் அலோவாவில் இருந்தாலும், கோடை இறுதியின் சில வாரங்களில் மேட்டுவெளிக்குப் போய்க் குனிந்து, பூத்த நுனியை மட்டும் பறித்துவர ஆள் வேண்டும். அடித்தண்டில் பாசி படிந்திருக்கும், அது கலக்கலாகாது. வில்லியம்ஸ் சகோதரர்கள் பைன் குருத்திலும் நெல்லிக்கனியிலும் கடற்பாசியிலும் வேறு பானங்களைக் காய்ச்சியபோதும் முதற்புகழ் ஹெதருக்கே நின்றது.

அலோவாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ஃபோர்த் ஆற்றங்கரையிலுள்ள அவ்வூர் ஒருகாலத்தில் பீருக்குப் பேர்போனது. பேராலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1999இல் மெக்ளேயும் காய்ச்சுவதை நிறுத்தியது. மெக்ளேயில் தலைமைக் கைவினைஞராயிருந்தவர் வேலையிழந்தபின் அவ்வூரிலேயே ஒரு சிற்றாலை தொடங்கினார். வில்லியம்ஸ் சகோதரர்கள் வந்து சேர்ந்த இடம் அதுவே. மூடிய ஆலையின் கைப்பழக்கம் இன்னொரு வாசல் வழியே அவர்களிடம் வந்தது. கிழவர் அஞ்சியது போல, இரகசியம் அரசன் கைக்குப் போய்விடவில்லை. வேலையிழந்த ஊரில் சிலருக்கு வேலையாயிற்று.

இவ்வாண்டு அப்பாடலை நடத்தும்போது கிளாஸ்கோ கடைக்கு வந்த பெண்ணின் கதையையும் சேர்த்துச் சொன்னேன். பழைய மாணவி இப்போது வகுப்பில் இல்லை. எங்கோ ஆசிரியையாக இருக்கிறாள். வேறொருத்தி கேட்டாள்: “அந்த அம்மாவின் பெயர் என்னங்க அம்மா?” கதை அவரை ‘ஒரு பெண்மணி’ என்று மட்டுமே குறிக்கிறது என்றேன். அவள் அதை ஏட்டில் எழுதிக்கொண்டாள்.