பிராங்க் பீமரும் அவருடைய உதைக் குழுவும்



மனிதர் செய்யும் தொழில்கள் எத்தனையோ வகை. அவற்றுள் நம் நாட்டில் இல்லாத ஒரு தொழிலைப் பற்றி இன்று பேசவிருக்கிறோம். அமெரிக்கக் கல்லூரிகளில் காற்பந்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பதே ஒரு முழுநேர வேலை. அந்த வேலைக்குள்ளும் ஒரு கிளை வேலை உண்டு. அதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. அமெரிக்கர் காற்பந்து என்று சொல்வது, மாலையில் நம் தோட்டத் திடலில் பிள்ளைகள் ஆடும் பந்தன்று. அவர்களுடைய பந்து இரு முனையும் கூம்பியிருக்கும். அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், பிடிப்பார்கள். தலையில் கவசமும் தோளில் பஞ்சுப் பட்டையும் அணிந்த பதினொருவர் இந்தப் பக்கம், பதினொருவர் அந்தப் பக்கம். திடலின் நீளம் நூறு கஜம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அந்த நான்குக்குள் பத்துக் கஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேற முடியாது என்று கண்டால், நான்காம் வாய்ப்பில் பந்தைக் காலால் உதைத்து, எதிரணியை எவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளலாமோ அவ்வளவு தள்ளிவிடுவார்கள். கோல் கம்பம் எட்டும் தூரத்தில் இருந்தால், கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளி எடுக்கப் பார்ப்பார்கள். பந்தோடு எல்லைக் கோட்டைக் கடந்துவிட்டால் ஆறு புள்ளி.

தாக்குவதற்கு ஒரு குழு, தடுப்பதற்கு ஒரு குழு. இவர்கள் பெயரைத்தான் செய்தித்தாள்கள் கொட்டை எழுத்தில் போடும். இவையன்றி, பந்தை உதைக்கும்போதும் எதிரி உதைப்பதைத் தடுக்கும்போதும் மட்டுமே இறங்குகிற மூன்றாவது குழு ஒன்று உண்டு. அதற்கு 'ஸ்பெஷல் டீம்ஸ்' என்று பெயர். நாம் அதை உதைக் குழு என்றே அழைப்போம். ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவர்கள் கையில்தான் இருக்கிறது. இருந்தும், பல கல்லூரிகளில் நெடுநாள் இந்தக் குழு மாற்றாந்தாய்ப் பிள்ளையாகவே கிடந்தது. முக்கிய ஆட்டக்காரர்களுக்குக் காயம் பட்டுவிடக்கூடாது என்று இரண்டாம் வரிசைப் பையன்களை இதில் இறக்குவார்கள். பயிற்றுநர்களும் இந்த வேலையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். தலைமைப் பயிற்றுநருக்கு ஒன்பது உதவியாளர்கள்தாம் என்பது பல ஆண்டுகள் இருந்த விதி. 2018 ஜனவரியில் பத்தாவது ஆளுக்கு அனுமதி கிடைத்த பின்புதான் பல கல்லூரிகள் உதைக் குழுவுக்கென்று தனி ஆளை அமர்த்தின.

அந்த அனுமதி வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, தலைமைப் பயிற்றுநராக இருந்துகொண்டே உதைக் குழுவின் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்ட ஒருவர் இருந்தார். பிராங்க் பீமர் என்பது அவர் பெயர்.

பீமர் 1946ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் பிறந்தார். வளர்ந்தது வர்ஜீனியா மாநிலத்தில் ஃபேன்சி கேப் என்னும் மலைப்புறத்துச் சிற்றூரில், ஒரு பண்ணையில். தாயார் பள்ளி ஆசிரியை. ஏழு வயதில் அந்தப் பிள்ளைக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். வீட்டுக் குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள். எரியும் குப்பை சிதறாதபடி சிறுவன் துடைப்பத்தால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும் துடைப்பத்தை வண்டிக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தான். அதன் நுனியில் கனல் இருந்ததை அவன் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெட்ரோல் டின் வெடித்தது. கழுத்து, தோள், மார்பு எல்லாம் வெந்துபோயின. பதினொரு வயது அண்ணன் ஓடிவந்து தம்பியைத் தரையில் தள்ளி உருட்டித் தீயை அணைத்தான். உயிர் தப்பியது அந்த அண்ணனால்தான்.

இவ்விடத்தில் தாய்மார்களுக்கு ஒரு சொல். எண்ணெய் டின்னையும் பெட்ரோல் டின்னையும் அடுப்புக்கும் குப்பை கொளுத்தும் இடத்துக்கும் அப்பால் வையுங்கள். உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. ஓடினால் தீ இன்னும் வளரும். அந்தப் பதினொரு வயதுப் பையன் செய்தது போலத் தரையில் உருட்டி அணைக்க வேண்டும். பிறகு புண்ணின் மேல் குளிர்ந்த தண்ணீரை நெடுநேரம் ஊற்ற வேண்டும். மாவும் பற்பசையும் அப்பிவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு எடுத்து வருவது கேடு.

பீமருக்குப் பல ஆண்டுகளில் பல முறை அறுவை நடந்தது. உடம்பின் ஓரிடத்துத் தோலை எடுத்து வெந்த இடத்தில் ஒட்டினார்கள். தமக்கு மட்டும் ஏன் இப்படி என்று அவர் அழுதபோது, தாயார் மருத்துவமனை நடைவழியில் அவரை அழைத்துச் சென்று, அவரைவிட மோசமான நிலையில் படுத்திருந்தவர்களைக் காட்டுவாராம். பீமர் இதைப் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளைக்கு அது கடுமையான மருந்துதான். ஆனாலும் அவருக்கு அது பிடித்துக்கொண்டது. கழுத்துத் தழும்போடு அவர் பள்ளியில் மூன்று விளையாட்டுகளில் பரிசுக் குறி பெற்றார்.

பிறகு பிளாக்ஸ்பர்க் நகரிலுள்ள வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இந்தப் பல்கலைக்கழகத்தின் பிறப்பையும் சொல்ல வேண்டும். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உழவும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கவென்று 1862இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றி, மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் வழியாக 1872இல் தோன்றிய கல்லூரி இது. ஆனால், உழைப்பாளர் என்ற சொல்லில் கறுப்பின உழைப்பாளர் அடங்க நெடுங்காலம் ஆயிற்று; 1953இல்தான் முதல் கறுப்பின மாணவரை அங்கே சேர்த்துக்கொண்டார்கள்.

பீமர் அங்கே மூன்றாண்டுகள் தடுப்பாட்டக்காரராக ஆடி, 1969இல் பட்டம் பெற்றார். அதன்பின் வந்தது பயிற்றுநர் தொழிலின் ஏணிப்படி. முதலில் ராட்ஃபர்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உதவியாளர். வேலை பார்த்துக்கொண்டே மேற்பட்டமும் படித்தார். 1972இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கடைநிலை உதவியாளர். பிறகு தென் கரோலைனாவில் சிட்டடல் என்னும் இராணுவக் கல்லூரி. பிறகு கென்டக்கி மாநிலத்தில் மர்ரி ஸ்டேட். 1981இல் அங்கே தலைமைப் பயிற்றுநர் ஆனார். ஒவ்வொரு முறையும் குடும்பத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு வேறு மாநிலம் போக வேண்டும். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியவர்களுக்கு அந்த அலைச்சலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாம் படித்த கல்லூரிக்கே தலைமைப் பயிற்றுநராக அவர் திரும்பி வந்தது 1987இல். இடையில் ஓடியவை பதினெட்டு ஆண்டுகள்.

வந்த இடம் பூஞ்சோலையாக இல்லை. முன்னிருந்தவர் காலத்தில் நடந்த விதிமீறல்களுக்காகக் கல்லூரி தண்டனைக்கு உட்பட்டிருந்தது. புதிய மாணவர்களை உதவித்தொகை கொடுத்துச் சேர்க்கவும் கட்டுப்பாடு. முதலாண்டில் இரண்டு வெற்றி, ஒன்பது தோல்வி. ஆறாம் ஆண்டாகிய 1992இல் மறுபடியும் இரண்டே வெற்றி, எட்டுத் தோல்வி, ஒன்று சமன். கடைசிக் கால் பகுதியில் கைநழுவிய ஆட்டங்கள் பல. ஆறாண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் 24 வெற்றி, 40 தோல்வி, 2 சமன். அந்நாட்டில் இப்படிப்பட்ட கணக்கோடு வேலையில் நிலைத்தவர் மிகச் சிலரே. பீமரை அனுப்பிவிடும்படி பலர் கேட்டனர். விளையாட்டுத் துறைக்குத் தலைவராயிருந்த டேவ் பிரெய்ன் என்பவர் அதற்கு இணங்கவில்லை. ஆனால் உதவியாளர்களில் சிலரை மாற்ற வேண்டியதாயிற்று. நெடுநாள் கூட இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்புவது எளிதான காரியமா? அதையும் பீமர்தான் செய்தார்.

உதைக் குழுவை மட்டும் அவர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. தமக்கே வைத்துக்கொண்டார். இரண்டாம் வரிசைப் பையன்களைக் கொண்டு அதை நிரப்பும் வழக்கத்தையும் விட்டார். தாக்குதலிலும் தடுப்பிலும் பெயர் பெற்றவர்களையே உதைக் குழுவிலும் இறக்கினார். அந்தக் குழுவில் இடம் பெறுவது ஒரு மதிப்பு என்ற எண்ணம் பையன்களிடையே வளர்ந்தது. தலைமைப் பயிற்றுநரே நேரில் நின்று சொல்லிக்கொடுக்கும் வேலையை எந்தப் பையன் அற்பமாக நினைப்பான்?

பணக்காரக் கல்லூரிகள் நல்ல ஆட்டக்காரர்களை முதலிலேயே பொறுக்கிக்கொள்ளும். எஞ்சியவர்களை வைத்து அவர்களோடு எப்படி மோதுவது? எதிரி கவனம் குறைந்திருக்கும் இடத்தில்தான் மோத வேண்டும். எதிரி உதைக்கும் பந்தை மறித்துவிட்டால் ஒரே நொடியில் நாற்பது கஜம் இலாபம். சில வேளை அப்படியே ஆறு புள்ளி. அத்தனை தூரத்தை ஓடியும் எறிந்தும் பெறுவதென்றால் எத்தனை வாய்ப்புகள் செலவாகும்!

பந்தை மறிப்பது துணிச்சல்காரனின் பாய்ச்சல் என்று பார்ப்பவர் நினைப்பர். உண்மையில் அது கடிகாரக் கணக்கு. தூர உதைக்காரர் சுமார் பதினைந்து கஜம் பின்னால் நிற்பார். பந்து பின்னோக்கி எறியப்பட்டு அவர் கைக்கு வந்து, காலில் பட்டுக் கிளம்புவதற்கு ஏறக்குறைய இரண்டு நொடிதான் ஆகும். கம்பத்துக்கு உதைக்கும்போது அதனினும் குறைவு. ஒன்றே கால் நொடி, ஒன்றரை நொடி. அதற்குள் தடுப்பவர்களைத் தாண்டி வந்தாக வேண்டும். வருகிறவன் உதைக்காரரை நோக்கி ஓடினால் கெட்டது. அவர் மேல் விழுந்தால் தண்டனை உண்டு, பந்தும் தப்பிவிடும். அவருக்கு முன்னால், பந்து கிளம்பும் இடத்துக்குக் குறுக்கே ஓட வேண்டும். எம்பிக் குதிக்கக்கூடாது. கண்ணை மூடக்கூடாது. இரு கைகளையும் சேர்த்து, காலிலிருந்து பந்தை வாங்கிக்கொள்வது போல நீட்ட வேண்டும். தன்மேல் வரும் உதைக்குக் கண்ணை மூடாதிருப்பது பழகினால்தான் வரும். அதையே திரும்பத் திரும்பப் பழக்கினார் பீமர். எதிரணியின் பழைய ஆட்டப் படங்களைப் பார்த்து, எந்தத் தடுப்பாளன் அரையடி இடம் விட்டு நிற்கிறான் என்று கண்டுபிடிப்பதும் இத்தொழிலில் ஒரு பகுதி.

1993இல் பலன் தெரிந்தது. ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி. ஆண்டிறுதியில் நல்ல குழுக்களை அழைத்து நடத்தும் சிறப்பாட்டத்தை அவர்கள் 'பவுல்' என்பர். லூசியானா மாநிலம் ஷ்ரீவ்போர்ட்டில் நடந்த இண்டிபென்டன்ஸ் பவுலில் இண்டியானா பல்கலைக்கழகத்தை வர்ஜீனியா டெக் எதிர்த்தது. முதற்பாதி முடியும் தறுவாயில் இண்டியானா கம்பத்துக்கு உதைத்தது. பந்து மறிக்கப்பட்டது, அன்டோனியோ பேங்க்ஸ் என்பவர் அதை எடுத்து 80 கஜம் ஓடி ஆறு புள்ளி பெற்றார். முடிவு 45-20. அதன்பின் பீமரின் குழு தொடர்ந்து 23 ஆண்டுகள், ஓர் ஆண்டும் விடாமல், பவுல் ஆட்டங்களுக்குச் சென்றது. அவர் காலத்தில் அந்தக் குழு மறித்த உதைகள் நூற்றுக்கும் மேல். இந்த ஆட்ட முறைக்குப் 'பீமர் பால்' என்று பெயரே வந்துவிட்டது.

தடுப்புக் குழுவுக்கும் ஓர் அடையாளம் இருந்தது. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் நெளிந்துபோன பழைய தகரச் சோற்றுப் பெட்டியை உதவிப் பயிற்றுநர் பட் ஃபாஸ்டர் கொண்டுவந்து வைத்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் அந்தப் பெட்டியைத் தூக்கிச் செல்வதைப் பையன்கள் பெருமையாகக் கருதினார்கள். தூக்குச்சட்டியின் அருமை அந்த ஊரிலும் தெரிந்திருக்கிறது.

1999 அவர்களுடைய பொன்னாண்டு. அதிலும் ஒரு நாள் எல்லாம் போய்விடும் போலிருந்தது. நவம்பர் 6ஆம் நாள் மேற்கு வர்ஜீனியா அணியிடம் 20-19 என்று பின்தங்கி நின்றார்கள். ஆட்டம் முடியும் நொடியில் ஷெய்ன் கிரேயம் 44 கஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு இடையே சென்றது, 22-20. அந்தப் பருவத்தின் பதினோர் ஆட்டங்களையும் வென்று, 2000ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், நாட்டின் முதலிடத்துக்கான இறுதியாட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் அணியைச் சந்தித்தார்கள்.

அங்கே நடந்தது விந்தையிலும் விந்தை. பீமரின் ஆள் உதைத்த பந்தை எதிரணி மறித்து எடுத்துக்கொண்டுபோய் ஆறு புள்ளி பெற்றது. இன்னொரு உதையைப் பீட்டர் வாரிக் என்ற ஆட்டக்காரர் பிடித்து, 59 கஜம் திரும்பி ஓடி இன்னொரு ஆறு புள்ளி சேர்த்தார். எந்த வித்தையால் பீமர் மற்றவர்களை மடக்கினாரோ அதே வித்தை அன்று அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. 28-7 என்று பின்தங்கியவர்கள் விடாமல் போராடி மூன்றாம் பகுதியில் 29-28 என்று முந்தினார்கள். ஆனால் நிலைக்கவில்லை. 46-29 என்று தோற்றார்கள். அதற்கப்பால் அவருக்கு இறுதியாட்ட வாய்ப்பு வரவேயில்லை. நாட்டு முதலிடம் பெறாமலே ஓய்வு பெற்றதால் அவரை இரண்டாம் தட்டில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அது சரியாகப் படவில்லை. கிண்ணங்களை எண்ணி ஆளை எடை போடுகிறவர்கள், 1992இல் அந்தக் கல்லூரி கிடந்த கிடையையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அவருடைய மகன் ஷேன் பீமரும் இதே தொழிலுக்கு வந்தார். வேறு கல்லூரிகளில் உதைக் குழுக்களைப் பயிற்றுவித்தவர், 2020 டிசம்பரில் தென் கரோலைனா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் ஆனார்.

தந்தை பீமர் 2015 இறுதியில் ஓய்வு பெற்றார். கடைசி ஆட்டம் அமைந்தது 1993இல் தொடங்கிய அதே இண்டிபென்டன்ஸ் பவுலில்தான். டல்சா அணியை 55-52 என்று வென்றார்கள். வர்ஜீனியா டெக்கில் அவருக்குக் கிடைத்த வெற்றிகள் 238. மர்ரி ஸ்டேட்டையும் சேர்த்தால் 280. 2018இல் கல்லூரிக் காற்பந்தின் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள்.

மாணவராக ஆடிய நாளில் பீமர் அணிந்த சட்டையின் எண் 25. அவருக்குப் பின் வந்த பயிற்றுநர் 2016இல் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். அந்த எண்ணைத் தாக்குதலில் பெயர் வாங்கியவருக்கும் கொடுக்கவில்லை. தடுப்பில் பெயர் வாங்கியவருக்கும் கொடுக்கவில்லை. வாரந்தோறும் உதைக் குழுவில் நன்றாக உழைத்த ஒரு பையனைத் தேர்ந்து, அடுத்த ஆட்டத்துக்கு அந்தச் சட்டையை அவனிடம் கொடுத்தார்கள்.