அறுந்த இழை

காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் என்ன செய்வார்? தறியை நிறுத்துவார். முடிச்சுப் போட்ட பிறகுதான் அடுத்த ஊடை.

கடலில் அப்படி நிறுத்த முடியாமல் போன ஒரு நாள்: 1993 மார்ச் 22. இங்கிலாந்தின் லைம் விரிகுடா. 8 மாணவர்கள், ஓர் ஆசிரியர், 2 பயிற்றுநர்கள் கயாக் படகுகளில் கிளம்பினார்கள். ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவரோடு நின்றுவிட்டார். மற்றவர்களைக் காற்று கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. 4 மாணவர்கள் இறந்தார்கள்.

கரையிலிருந்து வீசும் காற்று பொல்லாதது. ஓரத்தில் தண்ணீர் சாதுவாகத் தெரியும். உள்ளே போகப் போக அலை எழும்பும்.

கோவளத்துக்குத் துடுப்புப் போடப் போகிறீர்களா? மிதவை அங்கி போடுங்கள். திரும்பும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லுங்கள். காற்று மாறினால் எல்லோருமாகத் திரும்புங்கள்.

அறுந்த பட்டிழைக்கு முடிச்சு உண்டு. உயிருக்கு இல்லையே!