சபையில் இல்லாதவர்

யாழ்ப்பாணக் கிராமங்களிலே ஒரு காலத்தில் மாலை வேளை என்றால் வாசிகசாலை வேளை என்றே பொருள். தோட்டத்து வேலை முடித்தோரும், கந்தோரிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் திரும்பியோரும், சந்தியிலுள்ள சிறு கட்டடத்தின் நீண்ட வாங்கிலே வந்தமர்வர். நன்றாக வாசிக்கக்கூடிய இளைஞன் ஒருவன் பத்திரிகையை விரித்து உரத்து வாசிப்பான். 1889 இல் தோன்றிய ‘இந்து சாதன’மும், 1930 இல் தோன்றிய ‘ஈழகேசரி’யும் ‘வீரகேசரி’யும் இவ்வாறு ஒருவர் வாசிக்கப் பலர் கேட்ட பத்திரிகைகளேயாம். வாசிப்பு முடிவதற்கு முன்னரே வாதம் தொடங்கிவிடும். இந்தியச் செய்தியிலே தொடங்கிய பேச்சுப் பிரித்தானியப் பாராளுமன்றத்தை எட்டி, ஈற்றில் ஊர்க் குளத்தைத் தூர் வாராத குறையில் வந்து நிற்கும்.

இளைஞர் கூடி நாட்டு நடப்பைப் பேசுவதைக் கண்டு முகஞ்சுளிக்கும் முதியோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ‘வேலையற்ற பேச்சு’ என்பதே அவர்கள் தீர்ப்பு. அத்தீர்ப்பு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஊகத்தால் உரைக்க வேண்டியதில்லை. அதற்குச் சரித்திரமே சான்று தரும். வெறும் பேச்சிலே தொடங்கி ஒரு குடாநாட்டின் போக்கையே அசைத்த இளைஞர் கூட்டம் ஒன்று யாழ்ப்பாணத்திலே இருந்தது.

1924 இல் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியைச் சார்ந்த ஆசிரியரும் மாணவரும் சிலர் கூடி ‘மாணவர் காங்கிரஸ்’ என ஒரு சபையைத் தோற்றுவித்தனர். பின்னர் அது ‘யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்’ எனப் பெயர் பெற்றது. அதன் உயிர்நாடியாய் விளங்கியவர் ஹண்டி பேரின்பநாயகம். அப்போது அவர் இருபதுகளின் நடுப்பகுதியில் இருந்த இளம் ஆசிரியர். உத்தியோகமே கல்வியின் பயன் என்று பெற்றோர் எண்ணிய காலத்தில், இவ்விளைஞர்கள் நாட்டின் சுதந்திரம், தாய்மொழிக் கல்வி, சமயம் கடந்த ஒற்றுமை, தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் கூடி ஆராய்ந்தனர். 1927 நவம்பரிலே மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தது இவர்கள் விடுத்த அழைப்பினாலேயாம். பத்திரிகையில் வாசித்த பெயருக்குரியவரைத் தம் ஊர் மேடையிலே நிறுத்திக் காட்டினர் அவ்விளைஞர்.

இக்கூட்டத்தார் ஈடுபட்ட இரு காரியங்கள் சிறப்பாகச் சிந்திக்கத் தக்கன. ஒன்று அவர்களுக்குப் புகழ் சேர்ப்பது. மற்றையது இன்றுவரை வாதத்துக்குரியது.

முதலாவது, சமாசனம். அக்காலத்துப் பாடசாலைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்ட சாதியார் எனப்பட்டோரின் பிள்ளைகள் வாங்கில் அமரல் ஆகாது. தரையே அவர்களுக்கு ஆசனம். அரசாங்கத்தின் உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்துதல் வேண்டும் என்ற ஏற்பாடு 1930 ஐ அண்டி நடைமுறைக்கு வந்தபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. கற்றோர் பலர் வாய்மூடி இருந்தனர். வேறு சிலர் அவ்வேற்பாட்டை நீக்குமாறு மனுச் செய்தனர். வாலிபர் காங்கிரஸோ அதன் பக்கம் உறுதியாய் நின்றது. எதிர்த்தவர்கள் அயலார் அல்லர். அந்த இளைஞர்களின் சொந்த வீட்டாரும் உறவினரும் அவர்களுள் இருந்தனர். ஆங்கில ஆட்சியைக் கண்டித்துப் பேசும் மகனைப் பெருமையோடு பார்த்த தகப்பனார், அதே மகன் சமபந்தி போசனம் பற்றிப் பேசியவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடிய காலம் அது. தூரத்து அநீதியைக் கண்டிப்பது எளிது. வீட்டுத் திண்ணையிலுள்ள அநீதியைக் கண்டிப்பதற்கே நெஞ்சுரம் வேண்டும்.

இரண்டாவது, 1931 ஆம் ஆண்டின் தேர்தற் பகிஷ்காரம். டொனமூர் ஆணைக்குழுவின் விதப்புரையால் இலங்கைக்குப் புதிய அரசியலமைப்பு வந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலார்க்கும், சொத்தோ படிப்போ பாராது, வாக்குரிமை கிடைத்தது. அதற்கு முன்னர் வாக்குப் பெற்றிருந்தோர் மக்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு நால்வரே. எனினும் நிதியும் சட்டமும் பொதுச்சேவையும் மூன்று அரச உத்தியோகத்தர் கையிலேயே இருந்தன. தேசாதிபதிக்கும் விசேட அதிகாரங்கள் இருந்தன. இது பூரண சுயராச்சியம் அன்று என்று வாலிபர் காங்கிரஸ் முடிவு செய்தது. அவ்வாண்டு ஏப்பிரலிலே, இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்தியாயா அவர்களின் தலைமையில் நடைபெற்ற மாநாட்டில் தேர்தலைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தனர். அத்தீர்மானத்தின் வேகத்தை அளவிட ஒரு செய்தி போதும். மே மாதத்து நியமன நாளன்று யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. அரசாங்க சபையில் அந்நான்கு ஆசனங்களும் 1934 இல் தேர்தல் நடைபெறும்வரை வெறுமையாய்க் கிடந்தன.

இளைஞரின் கொள்கைத் தூய்மையை எவரும் ஐயுறவில்லை. பதவி வேண்டாம், பூரண விடுதலையே வேண்டும் என்று கூறியோர் தமக்கென எதையும் கேட்கவில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அவ்வாண்டிலேதான் குடாநாட்டின் பெண்களும், நிலமற்ற கூலியாளரும், ஒடுக்கப்பட்ட மக்களும் வாழ்நாளில் முதன்முதலாக வாக்காளராயினர். அவர்கள் வாக்களிக்க எண்ணியிருந்த நாள் வந்தபோது வாக்குப் பெட்டியே வரவில்லை. பெட்டி வேண்டாம் என்று தீர்மானித்த மாநாட்டிலே அவர்களுள் எத்துணைப் பேர் அமர்ந்திருந்தனர்? அவர்களிடம் கேட்டது யார்?

ஒரே இளைஞர் கூட்டம், ஒரே நேர்மை. சமாசன விவகாரத்தில் சபையில் இல்லாத ஒரு குழந்தைக்காகப் பேசினர். அக்குழந்தைக்கு வாங்கிலே இடங்கிடைக்க அந்தப் பேச்சும் துணை நின்றது. பகிஷ்கார விவகாரத்தில் சபையில் இல்லாதவர்களைக் கேளாமலே அவர்களுக்கும் சேர்த்துத் தீர்மானித்தனர். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையே இளைஞர் பேச்சை அளக்கும் கோல். உரத்த குரலும் திருத்தமான மொழியும் அல்ல அந்தக் கோல். அங்கே வந்திராத மனிதன் பேசுவோரின் நினைவில் இருக்கிறானா என்பதே அது.

வள்ளுவர் அவையஞ்சாமை என்ற அதிகாரத்துக்கு முன்னே அவையறிதல் என்ற அதிகாரத்தை வைத்தார். அஞ்சாது பேசக் கற்பதற்கு முன் அவையை அறியவேண்டும் என்பது அவ்வைப்பு முறையிலிருந்தே விளங்கும். அவையை அறிதல் என்பதில் அவைக்கு வெளியே நிற்போரை அறிதலும் அடங்கும் எனக் கொள்வது பிழையாகாது. முன்னே கூறிய வாசிகசாலை வாங்கையே எண்ணிப் பார்க்கலாம். அங்கே பெண்கள் அமர்ந்தது மிக அரிது. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர்க்கும் பல ஊர்களில் இடம் இருந்ததில்லை. உலக நீதியைப் பற்றி நாள்தோறும் பேசப்பட்ட வாங்கு அது. சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இல் வந்தது. அதன் பின்னரும், 1960களின் பிற்பகுதியிலே, தேநீர்க்கடை வாயிலிலும் கோயில் வாயிலிலும் நின்று உரிமை கேட்க வேண்டியிருந்தது.

இன்று வாசிகசாலை வாங்கின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. செய்தி நொடியில் வருகிறது. அபிப்பிராயம் அதற்கும் முன்னே வந்துவிடுகிறது. எனினும் இளைஞர் பேச்சு வெறும் பேச்சாகவே முடிவதில்லை என்பதை 2022 ஆம் ஆண்டு மீண்டும் காட்டியது. எரிபொருளும் மின்சாரமும் இன்றி நாடு தவித்தபோது கொழும்புக் காலிமுகத்திடலிலே இளைஞர் கூடாரமடித்துத் தங்கினர். அங்கே நூல் நிலையமொன்றை அமைத்தனர். நாட்டின் நிதி நிலையைப் பற்றியும் அரசியலமைப்பைப் பற்றியும் பேசினர். அவ்வாண்டு மே 18 ஆம் நாள், அதே திடலில், பல இனத்தவரும் கூடி முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைவுகூர்ந்து கஞ்சி பகிர்ந்தனர். தென்னிலங்கை மேடைகளில் நெடுங்காலம் இடம்பெறாதிருந்த துயரம் அன்று அத்திடலில் இடம்பெற்றது. அந்த இயக்கத்தின் ஏனைய செயல்களைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்த ஒரு நாட் செயல் சபையில் இல்லாதவரை நினைந்த செயல் என்பதில் ஐயமில்லை.

ஆகவே, பிள்ளைகள் கூடி நாட்டு நடப்பைப் பேசும்போது பெற்றோர் அவர்களை அதட்டி அடக்குதல் தகாது. பேச்சு முற்றும்வரை காத்திருந்து ஒரு கேள்வியை மட்டும் கேட்கலாம்: ‘நீங்கள் சொல்லும் இந்தக் காரியத்தால் நன்மையோ தீமையோ அடையப்போகிறவர் இங்கே இருக்கிறாரா? இல்லையென்றால் அவரிடம் போய்க் கேட்டீர்களா?’ இக்கேள்வியைத் தாமாகவே தம்முள் கேட்டுக்கொள்ளும் இளைஞரின் பேச்சு ஒருபோதும் வேலையற்ற பேச்சாகாது.