கூப்பிய கையும் குலுக்கிய கையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்தால் பாடம் நடத்தாமல் விடமாட்டார் என்பது தாங்கள் அறிந்ததே. இன்றைய பாடம், வணக்கமும் கைகுலுக்கலும்.

கைகுலுக்குவதை வெள்ளைக்காரன் கொண்டு வந்த பழக்கம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் கி.மு. 9ஆம் நூற்றாண்டிலேயே, அசீரிய மன்னன் 3ஆம் சால்மனேசர் பாபிலோன் மன்னனின் கையைப் பற்றி நிற்கும் சிற்பம் இன்றைய ஈராக்கில் கிடைத்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர், பிரபுக்களுக்குத் தொப்பியைக் கழற்றவோ குனியவோ மறுத்தார்கள். அபராதமும் சிறையும் கண்டார்கள். ஏழை, பணக்காரன் எல்லாருக்கும் ஒன்றுபோலக் கை கொடுத்தார்கள்.

நம் மரபில் கையைப் பற்றுவது பாணிக்கிரகணம், மணமேடைக்கு உரியது. அந்நிய ஆடவர் கை நீட்டினால் நம் பாட்டிமார் கூசியது அதனால்தான். நமது ஜார்ஜ்டவுனில் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலைப் பக்கம் ஒருமுறை நடந்தால் போதும். மகாமாரியம்மன் ஆலயத்தில் நாம் கைகூப்புகிறோம். பள்ளிவாசலில் கையைத் தொட்டு நெஞ்சில் வைக்கிறார்கள். சீனப் பெரியவர்கள் புத்தாண்டு வாழ்த்துக்கு ஒரு கையை மறு கையால் பொத்தி அசைக்கிறார்கள்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, தொடாமல் வணங்கும் நமது முறையை உலகமே மெச்சியது. நாமும் பெருமைப்பட்டோம். ஆயினும் தொடாமை என்பதற்கு நம்மிடையே இன்னொரு முகமும் இருந்ததை மறைப்பதற்கில்லை. மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றது 1939 ஜூலையில்தான். 1987இல் லண்டன் மருத்துவமனையில் இளவரசி டயானா கையுறை இல்லாமல் எய்ட்ஸ் நோயாளியின் கையைப் பற்றினாரே, அந்த ஒரு படம் ஆயிரம் மருத்துவர்கள் சொல்லியும் போகாத அச்சத்தைக் குறைத்தது.

இனி நம் ஆலயத்துக்கு வருவோம். திருவிழா நாளில் டத்தோமார்களின் கையைக் குலுக்க முண்டியடிப்போர் உண்டு. அன்னதானக் கூடத்தில் அண்டா கழுவும் அம்மாவுக்குக் கைகூப்பி ஒரு வணக்கம் சொல்ல எத்தனை பேர் போகிறார்கள்? ஆகவே இவ்வாண்டு முதல் பொன்னாடை சமையற்கூடத் தொண்டர்களுக்கே என்று செயற்குழுவில் முன்மொழிந்தேன். செலவு கூடுமே என்றார் பொருளாளர். ஆறு பேர்தானே ஐயா, அதை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். தீர்மானம் நிறைவேறியது. அவர்களை இப்போது மேடைக்கு அழைக்கிறேன்.