தோல்வி திடலில் தொடங்குவதில்லை

ஒரு காற்பந்துக் குழு தொடர்ந்து தோற்றால் நாம் யாரைத் திட்டுகிறோம்? முதலில் ஆட்டக்காரரை, அடுத்து பயிற்றுநரை. இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் குழுவைப் பார்த்தால், கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு என்பது புரியும்.

2013 மார்ச் முதல் 2016 ஜூலைக்குள் அங்கே ஐந்து பயிற்றுநர்கள் நியமிக்கப்பட்டார்கள். புதியவர் வந்ததும் ஒரு வேகம் பிறக்கும். பிரிமியர் லீக்கில் எப்படியோ தப்பித்துவிடுவார்கள். நான்கு ஆண்டுகள் இதே கதைதான். அந்தத் தப்பித்தலே நோயை மறைத்தது. ஒருவருக்காக வாங்கிய ஆட்டக்காரர் அடுத்தவருக்கு வேண்டாதவரானார்.

2017இல் கடைசி இடம். 2018இல் இரண்டாம் பிரிவிலும் கடைசி இடம். தரம் இறங்கினால் சம்பளம் குறையும் என்ற நிபந்தனை ஜேக் ரோட்வெல்லின் ஒப்பந்தத்தில் இல்லை. வாரம் சுமார் 70,000 பவுண்டு! அது அவர் குற்றமா? ஒப்பந்தம் எழுதிய நிர்வாகத்தின் குற்றம்.

மூன்றாம் பிரிவில் நான்கு பருவங்கள். ஆனாலும், மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் எழுந்த அந்த அரங்கத்தை ரசிகர்கள் கைவிடவில்லை. 2018 கிறிஸ்துமசுக்கு மறுநாள் 46,039 பேர் வந்தார்கள்.

2021இல் கிரில் லூயி டிரைஃபஸ் பொறுப்பேற்றார். அவரும் பயிற்றுநர்களை மாற்றினார். ஆனால் இளம் ஆட்டக்காரர்களைத் தேடி வளர்க்கும் வழியை மாற்றவில்லை. 2022இல் ஒரு படி ஏற்றம். 2025இல் மீண்டும் பிரிமியர் லீக்.

உங்கள் அபிமானக் குழு தோற்கும்போது நிர்வாகத்தைக் கேளுங்கள்: இன்று வாங்கும் ஆட்டக்காரர் அடுத்த பயிற்றுநருக்கும் பயன்படுவாரா?