ஏழு மணிச் செய்தி

(யூபிலி விழாவின் முன்தின மாலைக் கூட்டத்தில் பங்குக் குருவானவர் ஆற்றிய உரை)



தொலைக்காட்சியைப் பற்றி ஏதாவது பேச வேண்டும் என்று வாலிபர் சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். அதனால் வரும் தீமைகளைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பேசியாயிற்று. கேட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் போட்டவர்கள்தானே நீங்கள்! இன்றைக்கு வேறு விஷயம்.

நாம் சிறுபிள்ளையாய் இருந்த நாட்களில் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டி அபூர்வம். சென்னை நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதியே தொடங்கிவிட்டது. ஆனால் நமது ஊரில் படம் தெரிய வேண்டுமானால் ஒருவன் கூரைமேல் ஏறி ஆன்டெனாக் கம்பத்தைத் திருப்ப வேண்டும். கீழே இருப்பவன் "வருது, வருது, போச்சு" என்று கத்த வேண்டும். செய்தி வாசித்த ஷோபனா ரவியும் வரதராஜனும் நமக்கு வீட்டு மனிதரைப் போல ஆகிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால், செய்தி வாசிப்பவர் வாசலில் நின்று உத்தரவு கேட்டு வருகிறவரல்லர். குடும்பம் சாப்பிட உட்காரும் நேரத்தில் எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறவர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 15. நாட்டுக்குச் சுதந்திர தினம், நமக்குத் தேவமாதாவின் ஆரோபணத் திருநாள். அன்று மாலை ஏழு மணிக்குக் கோயம்புத்தூரில் லோட்டஸ் நியூஸ் என்னும் உள்ளூர்ச் செய்தி நிலையத்தில் பத்மினி பிரகாஷ் என்பவர் செய்தி வாசித்தார். அவர் ஒரு திருநங்கை. நம் நாட்டில் திருநங்கை ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தது அதுவே முதல் தடவை என்று பத்திரிகைகள் எழுதின. பி.பி.சி. வரைக்கும் அந்தச் சமாசாரம் போயிற்று. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான், ஏப்ரல் 15ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் இவர்களை மூன்றாம் பாலினத்தவராக ஏற்றுத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. நமது மாநில அரசோ 2008லேயே இவர்களுக்கென்று நலவாரியம் அமைத்துவிட்டது.

அதே 2008ல் ரோஸ் என்னும் திருநங்கை விஜய் தொலைக்காட்சியில் "இப்படிக்கு ரோஸ்" என்ற நிகழ்ச்சியை நடத்தினார். அதுவும் பெரிய காரியந்தான். ஆனால் அங்கே ஜனங்கள் அவரைப் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்தார்கள். செய்தி வாசிப்பு அப்படியல்ல. தண்ணீர் எப்போது வரும், எந்தச் சாலையில் விபத்து என்று தெரிந்துகொள்ள உட்காருகிறோம். வாசிப்பவர் யார் என்பது சற்று நேரத்தில் மறந்துவிடுகிறது. அப்படி மறக்கும்படி வாசிப்பதுதான் அந்தத் தொழிலின் திறமை. ழகரமும் ளகரமும் பிசகக்கூடாது, மூச்சு வாங்குவது தெரியக்கூடாது, சாவுச் செய்தியைக் கல்யாணச் செய்தி போலப் படிக்கக்கூடாது. (நமது கோயிலில் சின்னப்பர் நிருபத்தை வாசிக்கிறவர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். அதற்குமேல் சொல்லவில்லை.)

அந்த நாற்காலிக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார்? பதின்மூன்றாம் வயதில் வீட்டாரால் கைவிடப்பட்டு வெளியேறினார். உயிரை விடவும் துணிந்தார். யாரோ சிலர் காப்பாற்றினார்கள். யாரோ சிலர் என்பதைக் கவனியுங்கள்; பெற்றவர்களல்ல, உற்றார் உறவினரல்ல. பிறகு வணிகவியல் படிப்பில் சேர்ந்தார், பணக்கஷ்டத்தால் முடிக்க முடியவில்லை. பரதநாட்டியம் பயின்றார். திருநங்கையருக்கான அழகிப் போட்டிகளில் கலந்துகொண்டார். தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். இல்லறம் அமைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்தார். வீட்டார் வேண்டாமென்று விட்ட ஒருவர், ஒரு பிள்ளைக்கு வீடாக இருந்திருக்கிறார்! தம்மைப் போன்றவர்களின் உரிமைக்காகவும் பேசிவந்தார். ஆனால் நூறு மேடைப் பேச்சு செய்யாததை அந்த ஏழு மணிச் செய்தி செய்தது என்பது நமது எண்ணம். தெருவாசலில் அவரை நிறுத்தியிருக்கக்கூடிய வீடுகளின் கூடத்திலேயே அவர் போய் உட்கார்ந்துவிட்டார்.

கோயம்புத்தூர்க் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? கூவாகம் நமக்குத் தூரமா? 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை நமது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர்தானே! சித்திரை மாதத்தில், நாம் புதுநன்மைப் பிள்ளைகளைத் தயாரிக்கிற அதே நாட்களில், கூத்தாண்டவர் திருவிழாவுக்கு வருகிறவர்களால் விழுப்புரம் விடுதிகள் நிரம்பிவிடும். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் நம்மிலும் உண்டு. இவ்வளவு பேரும் எந்தெந்த வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்று யாராவது நினைத்தோமா?

யூபிலிக்காகக் குடும்பப் பதிவேட்டைச் சரிபார்த்தபோது, மூன்று குடும்பங்களில் ஒவ்வொரு பிள்ளையின் பெயர்மேல் கோடு இழுத்திருந்தது. மரித்ததாகக் குறிப்பில்லை, மணமாகி வேறு பங்குக்குப் போனதாகவும் இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் மூன்று பெயரும் பத்திரமாக இருக்கின்றன. உபதேசியாரைக் கேட்டோம். "அது அப்படி ஆயிடுச்சு சாமி" என்றார். யார் யார் என்று நீங்கள் தேட வேண்டாம்.

அதில் ஒரு பிள்ளையை நாமே அறிவோம். நாம் இங்கே உதவிக் குருவாக இருந்த நாளில் தாயார் அழைத்து வந்தார்; புத்தி சொல்லச் சொன்னார். "ஆண்பிள்ளையாய் லட்சணமாய் நட" என்று அதட்டி, பீடத்துக்கு முன் முழங்காலில் நிற்க வைத்தோம். அடுத்த வாரம் பிள்ளை ஊரில் இல்லை. 2019ல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் 12ஆம் பிரிவு, திருநங்கை என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும், நீதிமன்ற உத்தரவில்லாமல், பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்கிறது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதைச் சட்டம் எழுதிச் சொல்லவேண்டியதாயிற்று.

சென்ற மாதம் விழுப்புரம் ரயில் நிலையத்தில் ஒருவர், "ஸ்தோத்திரம் சாமி" என்று எதிரே வந்து நின்றார். பெயரைச் சொன்ன பிறகுதான் நமக்கு அடையாளம் தெரிந்தது. பழைய கதை எதையும் எடுக்கவில்லை. "அம்மா பூசைக்கு வர்றாங்களா சாமி?" என்று மட்டும் கேட்டார். நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். நாளைய சமபந்தி விருந்துக்கு வரவேண்டும் என்றோம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தாயாருக்கும் சொல்லியிருக்கிறோம். மற்ற இரண்டு வீடுகளுக்கும் இன்று பிற்பகல் போய்வந்தோம். ஒரு வீட்டில் உட்காரச் சொல்லவில்லை.

பதிவேட்டில் மூன்று பெயர்களையும் மறுபடி எழுதியாயிற்று. நாளைப் பந்தியில் மூன்று இலை கூடுதலாகப் போடும்படி சமையற்காரரிடம் சொல்லியிருக்கிறோம்.